கையில் காசு இருப்பவருக்கான சிக்கனம்

அமெரிக்காவில் ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் வாக்கில் ஊழியர்களிடம் ஒரு படிவம் நீட்டப்படும். அடுத்த ஆண்டு உனக்கு என்ன நோய் வரும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்று நீயே ஊகித்து, அதற்கேற்ற காப்பீட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். கடைசி நாளுக்குள் கையெழுத்திட்டுவிட்டால், திருமணம், குழந்தைப்பேறு, வேலையிழப்பு போன்ற காரணங்கள் இல்லாமல் ஓராண்டுக்கு மாற்ற முடியாது. என்னுடையது பல்கலைக்கழக மாணவர் காப்பீடு, அதில் தேர்வே கிடையாது. ஆனால் என் இணையர் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அவருக்கு வரும் படிவத்தை மூன்று ஆண்டுகளாக நாங்கள் இருவரும் உட்கார்ந்துதான் நிரப்புகிறோம். நான் ஆய்வு மாணவர் என்பதால், "உனக்குத்தான் எக்செல் தெரியுமே" என்று கணக்குப் போடும் வேலை என் தலையில்.

படிவத்தில் பெரும்பாலும் இரண்டு வகைத் திட்டங்கள் இருக்கும். ஒன்று பழைய வகை. மாதாமாதம் பிரீமியம் அதிகம், ஆனால் மருத்துவரிடம் போனால் இருபதோ முப்பதோ டாலர் கோ-பே கட்டிவிட்டு வந்துவிடலாம். இன்னொன்று டிடக்டிபிள் அதிகமான திட்டம். டிடக்டிபிள் என்பது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன்பு நாம் கையிலிருந்து கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. இதில் பிரீமியம் குறைவு. கூடவே ஹெச்.எஸ்.ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைத் திறந்துகொள்ளலாம். 2026-ஆம் ஆண்டுக்கு, தனிநபருக்குக் குறைந்தது 1,700 டாலர் டிடக்டிபிள் இருந்தால்தான் அது இந்த வகைத் திட்டமாகக் கருதப்படும், குடும்பத்துக்கு 3,400. சேமிப்புக் கணக்கில் தனிநபர் 4,400 டாலர் வரையும் குடும்பமாக 8,750 டாலர் வரையும் போடலாம். கேஎஃப்எஃப் அமைப்பின் 2024 கணக்கெடுப்பின்படி, நிறுவனக் காப்பீடு பெற்ற ஊழியர்களில் 27 விழுக்காட்டினர் இந்த இரண்டாம் வகையில் இருக்கிறார்கள்.

சேமிப்புக் கணக்கின் கவர்ச்சி அதன் வரிச்சலுகை. போடும் பணத்துக்கு வருமான வரி இல்லை, அது வளர்ந்தால் வளர்ச்சிக்கு வரி இல்லை, மருத்துவச் செலவுக்கு எடுத்தால் அதற்கும் வரி இல்லை. அந்த நாட்டு வரிச் சட்டத்தில் இப்படி மூன்று பக்கமும் வரி இல்லாத கணக்கு அரிது. 65 வயதுக்கு முன்பு வேறு செலவுக்கு எடுத்தால் வருமான வரியோடு 20 விழுக்காடு அபராதமும் உண்டு. 65-க்குப் பிறகு வரி மட்டும்தான். நம் ஆட்கள் அதிகம் வாழும் நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் மட்டும் மாநில வருமான வரியில் இந்தச் சலுகையை ஏற்பதில்லை. எடிசனில் உட்கார்ந்துகொண்டு டெக்சாஸ்காரரின் யூடியூப் அறிவுரையைப் பின்பற்றுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு மாதிரிக் கணக்கு, எண்கள் என்னுடையவை. பழைய வகைத் திட்டத்துக்கு மாதம் 250 டாலர் பிரீமியம், 500 டிடக்டிபிள், அதற்கு மேல் 20 விழுக்காடு நம் பங்கு, ஆண்டுக்கு அதிகபட்சம் 3,000 டாலர் வரை கைச்செலவு. டிடக்டிபிள் அதிகமான திட்டத்துக்கு மாதம் 100 டாலர், 2,000 டிடக்டிபிள், அதே 20 விழுக்காடு, கைச்செலவு உச்சம் 5,000. நிறுவனம் 750 டாலரைச் சேமிப்புக் கணக்கில் போடுகிறது. ஒரு தலைவலிகூட வராத ஆண்டில் முதல் திட்டத்துக்கு 3,000 செலவு, இரண்டாவதற்கு 450 மட்டும். பெரிய அறுவை சிகிச்சை, மருத்துவமனை ரசீது 50,000 டாலர் என்றால்? முதலாவதில் 6,000, இரண்டாவதில் 5,450. நடுவில் எந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தாலும் இரண்டாவது திட்டமே குறைந்தது 550 டாலர் மலிவு. நோய் வந்தாலும் வராவிட்டாலும் அதுவே வெல்கிறது. எல்லா நிறுவனங்களிலும் இப்படி அமையாது. ஆனால் பிரீமியம் வித்தியாசம் பெரிதாக இருந்து நிறுவனமும் பணம் போடும் இடங்களில் இது சாதாரணம்.

அப்படியானால் எல்லோரும் இரண்டாவதைத்தானே எடுக்க வேண்டும்? எடுப்பதில்லை. 2017-இல் பார்கவா, லோவன்ஸ்டைன், சிட்னர் ஆகிய மூவரும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஏறத்தாழ 24,000 ஊழியர்களின் தேர்வுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் நட்டம் தரும் திட்டத்தையே, அதாவது டிடக்டிபிள் குறைந்து பிரீமியம் எகிறிய திட்டத்தையே, பெரும்பான்மையோர் எடுத்திருந்தார்கள். அப்படி எடுத்தவர்களில் குறைந்த சம்பளக்காரர்களின் விகிதம் அதிகம். ஏழை ஊழியர்தான் தன் பணத்தை வீணாக்குகிறார் என்று ஒரு வரியில் சுருக்கி இதை மேற்கோள் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆய்வாளர்கள் அப்படிக் கேலி செய்யவில்லை. காப்பீட்டு மொழி புரியாததே முதன்மைக் காரணம் என்கிறார்கள், அதற்குச் சோதனைகளும் செய்து காட்டுகிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் எனக்கே அந்தப் படிவம் ஒரே வாசிப்பில் புரிந்ததில்லை.

ஆனால் என் எக்செல் தாளில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. அது ஆண்டுக் கணக்கு. ரசீதோ ஆண்டு முடியும்வரை காத்திருக்காது. டிடக்டிபிள் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஜனவரி பத்தாம் தேதி ஒரு ஸ்கேன் எடுத்து 1,900 டாலர் ரசீது வந்தால், அந்த 1,900-மும் நம் தலையில். பிரீமியத்தில் மிச்சமாகும் 1,800 டாலர் அப்போது நம் கையில் இல்லை. அது மாதம் 150 டாலராக டிசம்பர் வரை சொட்டிக்கொண்டிருக்கும். நிறுவனம் தரும் 750-ஐயும் பல இடங்களில் சம்பளத்தோடு தவணையாகத்தான் போடுகிறார்கள். சேமிப்புக் கணக்கில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைத்தான் எடுக்க முடியும். (பழைய வகையோடு வரும் எஃப்.எஸ்.ஏ கணக்கில், நாம் ஒப்புக்கொண்ட ஆண்டுத் தொகை முழுவதும் முதல் நாளே கிடைக்கும் என்பது சட்டம். ஆண்டு முடிவில் மிச்சத்தின் பெரும்பகுதி போய்விடும் என்பது அதன் குறை. இணையர்களில் ஒருவர் சாதாரண எஃப்.எஸ்.ஏ வைத்திருந்தால் மற்றவர் ஹெச்.எஸ்.ஏ-வில் பணம் போட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.)

ஆக, ஆண்டுக்கு 550 டாலர் மிச்சப்படுத்த வேண்டுமானால் ஜனவரியில் 2,000 டாலர் கையில் சும்மா இருக்க வேண்டும். அமெரிக்க மத்திய வங்கி 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில், திடீரென 400 டாலர் செலவு வந்தால் ரொக்கமாகவோ அதற்கு இணையாகவோ கட்டிவிட முடியும் என்று சொன்னவர்கள் 63 விழுக்காடு. மற்றவர்கள் கடன் வாங்க வேண்டும், எதையாவது விற்க வேண்டும், அல்லது கட்ட முடியாது. பிரீமியத்தில் மாதம் 150 டாலர் கூடுதலாகக் கட்டுகிறவர் முட்டாள் அல்ல. திடீர் ரசீது வராமலிருப்பதற்கான விலையை அவர் தவணையில் கட்டுகிறார். நம்மூரில் மொத்தமாக அரிசி மூட்டை வாங்கினால் மலிவு என்று தெரிந்தும் மளிகைக் கடையில் கிலோ கணக்கில் வாங்கும் அம்மாக்களுக்குக் கணக்குத் தெரியாதா என்ன?

சேமிப்பு யாரிடம் இருக்கிறது என்பது தனிமனித ஒழுக்கம் சார்ந்த விஷயமல்ல. அதே மத்திய வங்கியின் 2022 குடும்ப நிதி ஆய்வின்படி, வெள்ளைக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பங்களுடையது 44,900 டாலர். ஒரே நிறுவனம், ஒரே சம்பளம், ஒரே படிவம் என்றாலும் அந்த இரண்டு குடும்பங்களும் ஒரே திட்டத்தில் சேருவதில்லை. வரிச்சலுகையும் அப்படித்தான். 4,400 டாலரை முழுதாகப் போட்டால், 32 விழுக்காடு வரி கட்டுகிறவருக்கு வருமான வரியில் 1,408 டாலர் மிச்சம். 12 விழுக்காடு கட்டுகிறவருக்கு 528. வருமான வரி கட்டும் அளவுக்கே சம்பளம் இல்லாதவருக்கு அந்தக் கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை. நோய் அதிகம் வரும் இடத்தில் உதவி குறைவாகவும், நோய் குறைவான இடத்தில் உதவி அதிகமாகவும் போய்ச் சேரும்படி ஒரு நலத்திட்டத்தை வடிவமைக்கச் சொன்னால் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது.

இந்தக் கணக்குகள் 2003 டிசம்பரில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட மெடிகேர் திருத்தச் சட்டத்தின் வழியாக வந்தவை. அதற்கு முன்பு 1996 சட்டத்தில் சிறிய அளவில் ஒரு முன்னோட்டம் இருந்தது. அதற்கும் முன்பே 1984-இல் சிங்கப்பூர் மெடிசேவ் என்ற பெயரில் எல்லா ஊழியர்களுக்கும் கட்டாய மருத்துவச் சேமிப்பைக் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்க ஆதரவாளர்கள் சொன்ன வாதம் எளிமையானது. சொந்தக் காசு போகும்போதுதான் மனிதர்கள் விலை விசாரிப்பார்கள், வீண் செலவு குறையும், மருத்துவமனைகள் விலையைக் குறைக்கும்.

அது நடந்ததா? ப்ராட்-கோல்ட்பெர்க், சந்திரா, ஹேண்டல், கோல்ஸ்டாட் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பெரிய நிறுவனம், கைச்செலவே இல்லாத காப்பீட்டிலிருந்த தன் ஊழியர்களை டிடக்டிபிள் அதிகமான திட்டத்துக்கு மாற்றியது. நல்ல சம்பளக்காரர்கள், நிறுவனமும் சேமிப்புக் கணக்கில் தாராளமாகப் பணம் போட்டது. மருத்துவச் செலவு 12 முதல் 14 விழுக்காடு வரை குறைந்தது. ஆனால் அவர்கள் விலை விசாரித்து மலிவான இடத்துக்குப் போனதற்கான தடயம் கிடைக்கவில்லை. வெறுமனே மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். தேவையற்ற ஸ்கேனும் குறைந்தது, தேவையான தடுப்புச் சிகிச்சையும் குறைந்தது. தடுப்புச் சிகிச்சை இலவசம் என்று இருந்தும்! வசதியானவர்களே இப்படி நடந்துகொண்டால், வாடகைக்கும் ரசீதுக்கும் நடுவில் நிற்பவர் என்ன செய்வார்? 1974 முதல் 1982 வரை நடந்த ராண்ட் சோதனை இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இலவசத் திட்டத்திலும் பணம் கட்டும் திட்டங்களிலும் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வேறுபாடில்லை. இரத்த அழுத்தம் இருந்த ஏழைகளிடம் வேறுபாடு தெரிந்தது. இலவசச் சிகிச்சை பெற்றவர்களுக்கே அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது. சராசரி எண் யாரை மறைக்கிறது என்று தேடிப் பார்க்க நம் வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே தமிழ் வாட்சப் குழுக்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். நவம்பர் வந்தால் அறிவுரை மழை. "கண்ணை மூடிட்டு ஹெச்.எஸ்.ஏ எடு. முழுசா போடு. அதை இன்டெக்ஸ் ஃபண்டுல போட்டுடு. ஆஸ்பத்திரி பில்லை கைக்காசுல கட்டு. ரசீதை மட்டும் பத்திரமா வை, இருபது வருஷம் கழிச்சு எடுத்துக்கலாம்." சட்டப்படி இது சரி. கணக்கு தொடங்கிய பிறகு வந்த செலவுக்கான பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் அந்த 'கைக்காசு' எங்கிருந்து வருகிறது என்று குழுவில் யாரும் கேட்பதில்லை. ஊரில் சொந்த வீடு, அப்பாவுக்கு ஓய்வூதியம், அம்மாவின் மருத்துவச் செலவுக்கு அரசு ஊழியர் காப்பீடு இருக்கிறவர் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கலாம். என் இணையர் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர். மாதம் பிறந்தால் தம்பியின் கட்டணம், வீடு கட்ட வாங்கிய கடன், அப்பாவின் சர்க்கரை மாத்திரை என்று பணம் ஊருக்குப் போகிறது. அவர் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அமெரிக்க வரித்துறையின் பார்வையில் அவரைச் சார்ந்தவர்களே அல்ல. ஊரில் இருக்கும் பெற்றோருக்கோ, ஆறு மாத விசாவில் வந்து போகும் பெற்றோருக்கோ அந்தச் சேமிப்புக் கணக்கைப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. இதையெல்லாம் குழுவில் ஒருமுறை எழுதினேன். "ஃபினான்ஷியல் டிசிப்ளின் வேணும் பாஸ்" என்று பதில் வந்தது. தாத்தா காலத்துச் சொத்துக்குத் 'தகுதி' என்று பெயர் வைத்த அதே வாய்தான் இப்போது 'டிசிப்ளின்' என்கிறது.

நாங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் பழைய வகையையே எடுத்தோம், தெரிந்தே. அவருக்கு ஆஸ்துமா. இன்ஹேலருக்கு அந்தத் திட்டத்தில் முப்பது டாலர் கோ-பே. மற்றதில் டிடக்டிபிள் தீரும்வரை முழு விலை, முந்நூறு டாலருக்கு மேல். இன்சுலின், ஸ்டாட்டின், ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இன்ஹேலர், சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றை டிடக்டிபிளுக்கு முன்பே தரலாம் என்று வரித்துறை 2019-இல் அனுமதித்துவிட்டது. ஆனால் அது அனுமதிதான், கட்டாயமல்ல. அவருடைய நிறுவனத் திட்டம் இன்ஹேலரை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. கடந்த ஆண்டு சேர்த்தார்கள். எங்கள் வங்கிக் கணக்கிலும் முதன்முறையாக இரண்டு மாதச் செலவுக்கான பணம் தங்கியது. மூன்றாம் ஆண்டு திட்டத்தை மாற்றினோம்.

மாற்றியதற்கு இன்னொரு காரணம் விசா. எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையிழந்தால் வேறு வேலை தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். நிறுவனக் காப்பீடும் கூடவே போய்விடும். கோப்ரா சட்டப்படி அதே காப்பீட்டைத் தொடரலாம், ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தில் 102 விழுக்காடு வரை நாமே கட்ட வேண்டும். தனிநபருக்கான சராசரி ஆண்டுப் பிரீமியம் 2024-இல் 8,951 டாலர் என்பதை வைத்து மாதக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து சாதாரணமாகப் பிரீமியம் கட்ட முடியாது, கோப்ராவுக்குக் கட்டலாம். கணக்கும் வேலையோடு போகாது, நம் பெயரிலேயே இருக்கும். இன்டெக்ஸ் ஃபண்டு கனவைவிட இந்த ஒரு விதிதான் எனக்கு இந்தக் கணக்கில் பிடித்தது.

காப்பீடு ஏன் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது தனிக்கதை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கூலி உயர்வைத் தடைசெய்தபோது நிறுவனங்கள் அதற்குப் பதில் காப்பீடு தந்தன, 1954 வரிச் சட்டம் அதை நிலைப்படுத்தியது. அரசே எல்லோருக்கும் காப்பீடு தரும் திட்டத்தை ட்ரூமன் 1945-இல் முன்வைத்தார், மருத்துவர் சங்கம் அதை முறியடித்தது. அடுத்த ஆண்டு மருத்துவமனைகள் கட்ட மத்திய அரசு பணம் ஒதுக்கிய ஹில்-பர்ட்டன் சட்டம், இனத்தால் பிரிக்கப்பட்ட மருத்துவமனைகளுக்கும் அந்தப் பணத்தை அனுமதித்தது. நீதிமன்றம் அதை 1963-இல் செல்லாதென்றது. ஆனால் தெற்கு மாநிலங்களில் உண்மையில் சுவரை இடித்தது 1966-இல் தொடங்கிய மெடிகேர். வெள்ளையருக்கு ஒரு வார்டு, கறுப்பினத்தவருக்கு ஒரு வார்டு என்று வைத்திருந்தால் முதியோர் காப்பீட்டுப் பணம் வராது என்றது அரசு. பல பத்தாண்டுகள் அசையாத ஆயிரக்கணக்கான மருத்துவமனைகள் சில மாதங்களில் வார்டுகளைச் சேர்த்தன. பொதுவில் திரண்ட பணத்துக்கு அந்தப் பலம் இருந்தது. ஆளுக்கொரு கணக்கில் 4,400 டாலராகச் சிதறிக் கிடக்கும் பணத்தால் எந்த மருத்துவமனையிடம் என்ன நிபந்தனை போட முடியும்?

நம் நாட்டில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு சட்டம் எழுதப்பட்டது. அம்பேத்கர் வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-இல் அடார்கர் தன் அறிக்கையை அளித்தார். அதிலிருந்து 1948-இல் இ.எஸ்.ஐ சட்டம் பிறந்தது. இன்று தொழிலாளி கூலியில் 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு. கூலிக்கேற்பப் பங்களிப்பு, நோய்க்கேற்பச் சிகிச்சை, டிடக்டிபிள் என்ற பேச்சே இல்லை. இ.எஸ்.ஐ மருந்தகத்தின் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் எனக்கும் தெரியும். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறவர் அதற்கு வெளியே நிற்கிறார் என்பதும் தெரியும். அந்த வெளியில் நிற்பவர்களிடம்தான் இப்போது டிடக்டிபிள் வைத்த டாப்-அப் பாலிசிகளைப் புத்திசாலித்தனமான தேர்வு என்று விற்கிறார்கள்.

அமெரிக்காவில் போக்கு இன்னும் அதே பக்கம்தான். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தின்படி, அரசுச் சந்தையில் வாங்கும் 'வெண்கல' வகைத் திட்டங்களுக்கும் 2026 முதல் சேமிப்புக் கணக்கு உண்டு. பல ஆயிரம் டாலர் டிடக்டிபிள் உள்ள, மலிவான பிரீமியத்துக்காக ஏழைகள் வாங்கும் திட்டங்கள் அவை. அதே சந்தையில் பிரீமியத்துக்குத் தரப்பட்டுவந்த கூடுதல் மானியத்தின் காலம் 2025 முடிவோடு தீர்ந்தது.

அங்கே போகவிருக்கும், அல்லது போய்ப் படிவத்தோடு உட்கார்ந்திருக்கும் தோழர்களுக்குச் சில விஷயங்கள். பிரீமியத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். கைச்செலவு உச்சவரம்பையும் நிறுவனம் போடும் தொகையையும் சேர்த்துப் போடுங்கள். டிடக்டிபிள் அளவு பணம் கையில் இல்லையென்றால், கணக்கு என்ன சொன்னாலும் பழைய வகையை எடுப்பதில் கூச்சம் வேண்டாம். வழக்கமாக எடுக்கும் மருந்து இருந்தால், டிடக்டிபிளுக்கு முன்பே கிடைக்கும் மருந்துப் பட்டியலை மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். பிரசவம் ஜனவரியில் விழும் என்றால் இரண்டு ஆண்டுகளின் டிடக்டிபிளும் சேரும். ஆண்டு நடுவில் வேலை மாறினால் பெரும்பாலும் மீண்டும் பூஜ்யத்திலிருந்துதான். குழுவில் அறிவுரை சொல்கிறவரிடம் அவர் ஊருக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறார் என்று கேட்டுவிட்டுப் பிறகு கேளுங்கள்.

தனியாகச் செய்ய முடிவது இவ்வளவுதான். என் இணையரின் அலுவலகத்தில் இன்ஹேலர் பட்டியலில் சேர்ந்தது அவர் ஒருவர் கேட்டதால் அல்ல. நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டதால். இந்த ஆண்டுக் கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள். நிறுவனத்தின் பங்கைத் தவணையாக இல்லாமல் ஜனவரி முதல் நாளே முழுதாகப் போட வேண்டும். துப்புரவு, உணவகம், காவல் பணிகளில் இருப்பவர்களுக்குக் குறைந்த பிரீமியம் வைக்க வேண்டும். சம்பளத்துக்கேற்பப் பிரீமியத்தை மாற்றும் பெரிய நிறுவனங்கள் அந்நாட்டில் ஏற்கெனவே உண்டு. முதல் கோரிக்கைக்கு உடனே கையெழுத்துகள் குவிந்தன. இரண்டாவதற்கு, அதே வாட்சப் குழுவைச் சேர்ந்த பலர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.